வளனின் ஐயமும் எழுதுவோரின் ஊக்கமும்

சென்ற ஆண்டு தவக்காலம் தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்னர், அரியலூர்ப் பகுதியிலுள்ள நம் பங்கில் இளையோர்க்கெனச் சிறுகதைப் போட்டி ஒன்று நடத்தினோம். வந்து சேர்ந்தவை பதினொரு கதைகள். அவற்றுள் ஒன்று பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதியது. சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கூலி வேலை செய்பவரின் மகன், ஆறாம் வகுப்புச் சிறுவன், ஒரு விடியற்காலையில் எவரிடமும் சொல்லாமல் வீட்டைவிட்டுப் புறப்பட்டுப் பெரம்பலூர்ச் சாலையில் நடக்கிறான். சிமெண்டு லாரிகள் கிளப்பும் வெண்புழுதி, இருமருங்கிலும் மக்காச்சோளக் கொல்லை, வெடித்து நிற்கும் பருத்தி, சட்டைப்பையில் சுரங்கத்து மண்ணிலிருந்து பொறுக்கிய சங்கு வடிவக் கல் என ஒவ்வொன்றும் நேரில் கண்டதுபோல் இருந்தது. பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியாகக் கிடந்த மண் அல்லவா இது? அந்தக் கல்லைக்கூட அவள் மறக்கவில்லை. பையன் ஏன் போகிறான் என்பது மட்டும் கதையில் இல்லை.

அழைத்துக் கேட்டோம். “அவன நடக்க வைக்க முடியுது ஃபாதர். ஏன் நடக்கிறான்னு எனக்கே தெரியல” என்றாள். சற்று நின்று, “படிப்பும் இப்ப அப்படித்தாங்க ஃபாதர் இருக்கு. புத்தகத்தத் திறந்தா மனசு போகவே மாட்டேங்குது” என்றும் சொன்னாள். நாம் வழக்கமான விடையைச் சொன்னோம்: அதிகாலையில் எழு, செபி, நாள்தோறும் இரண்டு பக்கம் எழுது, ஊக்கம் தானே வரும். “சரிங்க ஃபாதர்” என்று போனவள், அடுத்த மூன்று ஞாயிறுகளிலும் பாடற்குழுவுக்கு வரவில்லை.

நம் விடை பொய்யன்று. ஆயினும் அவளுடைய கேள்விக்கு அது விடையன்று. கதைமாந்தர் ஏன் செயல்படுகின்றனர் என்பதும், எழுதுபவர் ஏன் எழுதுகிறார் என்பதும், மாணவர் ஏன் படிக்க வேண்டும் என்பதும் ஒரே வேரில் கிளைத்த மூன்று கேள்விகள். இவற்றுக்கு விடை தேட நமக்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டியிருக்கவில்லை. கொள்ளிடத்தின் வடபால், நம் அரியலூர் மாவட்டத்திலேயே இருக்கிறது ஏலாக்குறிச்சி. வீரமாமுனிவர் அடைக்கல அன்னைக்குக் கோயில் எழுப்பித் திருக்காவலூர் எனப் பெயரிட்டுப் பாடிய ஊர் அது. அவருடைய தேம்பாவணியை மீண்டும் திறந்தோம். முன்பு பக்திக்காகப் படித்த நூலை இம்முறை ஒரு மாணவியின் கேள்வியோடு படித்தோம்.

ஒரு சொல்லிலிருந்து இரு படலங்கள்

தேம்பாவணி மூன்று காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்ட பெருங்காப்பியம். அதன் தலைவர் புனித சூசையப்பர். முனிவர் அவருக்கு இட்ட தமிழ்ப் பெயர் வளன். இத்தகைய ஒருவரைக் காப்பியத் தலைவராக்குவது எளிய செயலன்று. நான்கு நற்செய்திகளிலும் சூசையப்பர் பேசியதாக ஒரு சொல்லும் இல்லை. அவர் உறங்குகிறார், எழுகிறார், செய்கிறார். அவ்வளவே. பேசாத ஒருவருக்குள் எந்த வழியாக நுழைவது?

முனிவர் நுழைந்த வாயில் மத்தேயு நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் இருக்கிறது. மரியா கருவுற்றிருப்பதை அறிந்த சூசையப்பர், அவரை ஊரார் முன் இகழ்ச்சிக்கு உள்ளாக்க விரும்பாமல், மறைவாக விலக்கிவிட எண்ணுகிறார். இதற்கு நற்செய்தியாளர் தரும் காரணம் அவர் நேர்மையாளர் என்பதே. இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு முனிவர் ஐயம் தோன்றுவதற்கு ஒரு படலமும் ஐயம் நீங்குவதற்கு ஒரு படலமும் அமைக்கிறார்.

இப்பகுதியில் கொடியவர் எவரும் இல்லை என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். பகைவன் இல்லை, சூழ்ச்சி இல்லை. வளனை வாட்டுபவை இரண்டு நன்மைகள். மரியாவின் தூய்மையில் அவர் கொண்ட நம்பிக்கை ஒன்று; இறைவனின் சட்டத்தின்மேல் கொண்ட பற்று மற்றொன்று. அன்பு குறைந்தவராயின் சட்டத்தின்படி நடப்பது எளிது. நீதி குறைந்தவராயின் கண்டும் காணாதவராய் இருந்துவிடலாம். இரண்டும் நிறைந்திருப்பதாலேயே அவர் உறக்கம் இழக்கிறார். கதைமாந்தரின் செயலுக்குக் காரணம் என்பது வெளியிலிருந்து ஒட்டவைக்கும் சீட்டன்று. இழக்க முடியாத இரண்டில் ஒன்றை இழக்க நேரும் இடத்தில் அது தானே பிறக்கிறது.

இன்னொன்றும் உண்டு. வானதூதர் எப்போது வருகிறார்? சூசையப்பர் எண்ணிக் குழம்பி ஒரு முடிவுக்கு வந்த பின்னரே வருகிறார். இறைவன் நினைத்திருந்தால் முன்னரே தூதரை அனுப்பி அந்த ஐயம் எழாமலே தடுத்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை; மனிதன் சிந்திக்க இடம்விட்டுக் காத்திருந்தார். அருள் இயல்பை அழிப்பதில்லை, நிறைவாக்குகிறது என்று குருமடத்தில் நாம் கற்ற இறையியல் உண்மையை முனிவர் இங்கே கதையாகவே காட்டிவிட்டார்.

சுரூபம் தானாக நடக்காது

இத்துணைப் புகழ்ந்த பின் குறையையும் சொல்லாவிட்டால் அது திறனாய்வாகாது. தேம்பாவணியின் எல்லாப் பகுதிகளிலும் வளன் இப்படி உயிரோடு இருக்கிறார் என்று நம்மால் சொல்ல இயலவில்லை. பல இடங்களில் கேள்வி எழும் முன்னரே வானுலகின் விடை வந்துவிடுகிறது. எகிப்துப் பயணத்தினூடே பழைய ஏற்பாட்டு வரலாறுகள் கிளைக்கதைகளாக விரிகின்றன. அவை விரிய விரிய, பயணம் செய்பவர்கள் கேட்போராக மட்டும் நின்றுவிடுகின்றனர். குறையே இல்லாதவராக ஒருவரைத் தீட்டிவிட்டால் அவருக்கு வேண்டுவது ஒன்றும் இல்லாமற் போகிறது. வேண்டுவது இல்லாதவர் அடியெடுத்து வைக்க மாட்டார்.

நம் கோயில் திருவிழாக்களில் சுரூபத்தை அலங்கரித்துத் தேரில் ஏற்றி இழுக்கிறோம். அது அழகு, அது பக்தி. ஆயினும் தேரை இழுப்பவர் நிறுத்தினால் சுரூபமும் நின்றுவிடும். புனிதர்களைப் பற்றி நம் இதழ்களில் வரும் கதைகளும், நம் மேடைகளில் வரும் நாடகங்களும் பெரும்பாலும் இந்தத் தேரோட்டமாகவே இருக்கின்றன. பாஸ்கா நாடகத்தில் யூதாசாக வருபவரைத்தான் ஊர் கூர்ந்து பார்க்கிறது. ஏனெனில் அவன் ஒருவனுக்கே ஆசையும் அச்சமும் நடுக்கமும் எழுதித் தந்திருக்கிறோம். சீடர் பதினொருவருக்கும் அங்கியும் தாடியும் மட்டுமே தந்திருக்கிறோம். தீமைக்கு மட்டும் காரணம் எழுதிவிட்டு நன்மைக்குக் காரணம் எழுதாமல் விடுவது கலைக்குறை மட்டுமன்று. நன்மை தானாக நடப்பது, அதில் போராட்டம் இல்லை என்று இளையோர்க்குத் தவறாகக் கற்பிப்பதும் ஆகும்.

தேம்பாவணியே இதற்கு மாற்றையும் வைத்திருக்கிறது. கருணையன் என்று முனிவர் பெயரிட்ட திருமுழுக்கு யோவான், கானகத்தில் தம் தாய் எலிசபெத்தை இழந்து அழும் பகுதி அது. 2019இல் வெளிவந்த பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் இடம்பெற்றதால் நம் மாணவர் பலருக்கு அது மனப்பாடம். நற்செய்திகளில் இந்நிகழ்ச்சி இல்லை. காப்பியத்தின் பல செய்திகளைப்போல் பிற்கால மரபிலிருந்தும் கவிஞரின் கற்பனையிலிருந்தும் வந்தது. அங்கே சிறுவன் இறப்பின் தத்துவம் பேசுவதில்லை. காட்டில் வழி தெரியாது, உயிர் காக்கும் முறை தெரியாது, தாயின் கையை மட்டுமே அறிந்திருந்தேன் என்ற பொருள்பட அழுகிறான். இனி உணவு தேடுவது எப்படி என்று அறியாத பிள்ளையின் திகைப்பு அது. அந்தத் திகைப்பினால்தான் துயரம் நம்மையும் தொடுகிறது.

தொல்காப்பியரின் மெய்ப்பாட்டியல் இதற்கு இலக்கணம் வகுத்திருக்கிறது. மெய்ப்பாடுகள் எட்டு, ஒவ்வொன்றும் பிறக்கும் களன்கள் நான்கு, ஆக 32. அழுகை பிறப்பது இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கினால். கருணையனின் அழுகையில் இழவும் உண்டு, எதுவும் இல்லாத வறுமையும் உண்டு. “அவன் மிகவும் வருந்தினான்” என்று எழுதும் இளம் எழுத்தாளர் எவரும் ஒரு கணம் நின்று, இந்நான்கில் எதனால் வருந்தினான் என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளட்டும். கதையில் பாதி அங்கேயே அமைந்துவிடும்.

தாழ்ந்த நோக்கமும் தொடக்கமாகலாம்

மனிதன் எச்செயலைச் செய்தாலும் ஒரு முடிவை நாடியே செய்கிறான். அதுவும் தனக்கு நன்மையாகத் தோன்றுவதை நாடியே செய்கிறான் என்பது புனித தோமா அக்குவினாரின் கோட்பாடு. அறநெறி இறையியல் வகுப்பில் இதைத் தேர்வுக்கெனப் படித்தோம். கதை எழுதுவோர்க்கும் இது பெரும் பாடம் என்பது பின்னரே நமக்கு விளங்கிற்று. ஏரோதுகூடத் தீமை செய்வோம் என்று எழுந்தவனல்லன். அரியணையைக் காப்பது நன்மை என்று கருதி எழுந்தவன். புனித அகுஸ்தீனார் தம் பதினாறாம் வயதில் நண்பர்களோடு அயலார் மரத்துப் பேரிக்காய்களைத் திருடியதைத் தம் ஒப்புதல்கள் நூலில் நீள ஆராய்கிறார். பசியில்லை, அதைவிட நல்ல பழங்கள் அவரிடமே இருந்தன. தனியாக இருந்திருந்தால் திருடியிருக்க மாட்டேன் என்று இறுதியில் கண்டறிகிறார். தோழமை என்னும் நன்மையின் நிழல் அந்தத் திருட்டிலும் இருந்தது.

அதுபோலவே, நற்செயலுக்கெல்லாம் முதல் நோக்கம் உயர்ந்ததாக இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. லூக்கா நற்செய்தியின் ஊதாரி மைந்தன் ஏன் வீடு திரும்பினான்? தந்தையின் மீதுள்ள அன்பினால் என்று மறையுரைகளில் நாம் சொல்லிவிடுகிறோம். நற்செய்தி அப்படிச் சொல்லவில்லை. பசியால் திரும்பினான், தந்தை வீட்டுக் கூலியாட்களுக்குக் கிடைக்கும் உணவை நினைத்துத் திரும்பினான். தந்தையோ அவனுடைய நோக்கத்தை எடைபோட்டுக்கொண்டிராமல் ஓடிச்சென்று தழுவிக்கொண்டார். மதிப்பெண்ணுக்காகப் படிப்பவரையும், வேலைக்காகப் படிப்பவரையும், பரிசுக்காக எழுதுபவரையும் நாம் ஏளனம் செய்யலாகாது. வழியில் இறங்கிவிட்டவரின் நோக்கத்தை வழியே தூய்மையாக்கும்.

முனிவர் ஏன் எழுதினார்?

கதைமாந்தரின் நோக்கத்தை ஆராய்ந்த நாம், அவர்களைப் படைத்தவரின் நோக்கத்தையும் பார்க்க வேண்டும். இத்தாலிய நாட்டில் 1680இல் பிறந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி முப்பது வயதை ஒட்டியே இந்திய மண்ணில் கால்வைத்தார். நம் பிள்ளைகள் முதல் வகுப்பில் எழுதும் எழுத்துகளை அவர் அந்த வயதில்தான் எழுதிப் பழகியிருக்க வேண்டும். சுப்பிரதீபக் கவிராயரிடம் பாடம் கேட்டார் என்பது மரபு. 1747இல் மறையும் வரை அவர் எழுதிக்கொண்டேயிருந்தார். இத்துணை ஊக்கம் எங்கிருந்து வந்தது?

அவருடைய நூல்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஒன்று புலப்படும். ஏறத்தாழ ஒவ்வொரு நூலுக்குப் பின்னாலும் ஒருவருடைய தேவை நிற்கிறது. குருக்கள் எப்போதோ வந்துபோகும் சிற்றூர்களில் மக்களுக்குத் துணைநின்ற வேதியர்களுக்காக ‘வேதியர் ஒழுக்கம்’. சொல்லின் பொருள் தேடித் தவிப்பவர்களுக்காகப் பெயர், பொருள், தொகை, தொடை என்னும் நான்கு பகுதிகளாகச் ‘சதுரகராதி’, ஆண்டு 1732. பேச்சுத் தமிழ் அறியாமல் வந்திறங்கும் குருக்களுக்காகக் கொடுந்தமிழ் இலக்கணம். எகர ஏகார, ஒகர ஓகாரங்களை வேறுபடுத்தி எழுதும் முறையை அவர் சீர்செய்ததும், ஏட்டைப் படிப்பவர் தடுமாறக்கூடாது என்பதற்காகவே. ஊக்கம் வரட்டும் என்று அவர் காத்திருந்ததாகத் தெரியவில்லை. தேவையோடு வந்து நின்றவர்களே அவருக்கு ஊக்கமாயினர்.

உண்மையை மறைக்க வேண்டுவதில்லை. அவரிடம் வேறு நோக்கமும் இருந்தது. தரங்கம்பாடியிலிருந்த லூத்தரன் சபையாரை மறுத்து ‘வேத விளக்கம்’, ‘பேதகமறுத்தல்’ முதலிய வாத நூல்களையும் எழுதினார். வெல்ல வேண்டும் என்ற நோக்கமும் வலிய நோக்கமே. கை சளைக்காமல் எழுதவைக்கும். ஆனால் இன்று அந்நூல்களை நாடுவோர் ஆராய்ச்சியாளரே. கிறித்தவ ஒன்றிப்பைப் பற்றி இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் விடுத்த ஏட்டிற்குப் பின், அவற்றின் தொனியை நாமும் மேற்கொள்ள இயலாது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அவருடைய கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738இல் அச்சேற்றியது அவர் வாதிட்டு மறுத்த அதே தரங்கம்பாடிச் சபையாரின் அச்சகம். வெல்வதற்காக எழுதியதை எதிரணி மறுத்தது. கற்பவர்க்கு உதவ எழுதியதை அதே எதிரணி அச்சிட்டுப் பயன்கொண்டது. எழுத்தாளர் தம் நோக்கத்தைச் சோதித்துப் பார்க்க இதனினும் தெளிவான உரைகல் நமக்குத் தெரியவில்லை.

முனிவரின் ‘பரமார்த்த குருவின் கதை’யில் சீடர்கள் ஆற்றைக் கடந்து கரையேறித் தம்மை எண்ணுகிறார்கள். எண்ணுபவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுவதால் ஒருவர் குறைகிறது. ஆற்றில் போய்விட்டான் என்று அழுகிறார்கள். வழியே வந்த ஒருவன் ஒவ்வொருவருக்கும் ஓர் அடி கொடுத்து எண்ணிக் காட்டிய பிறகே கணக்குச் சரியாகிறது. நாம் சிரிக்கிறோம். ஆயினும் கதைமாந்தர் அனைவரின் நோக்கத்தையும் எண்ணிவிட்டுத் தன் நோக்கத்தை எண்ணாமல் விடும் எழுத்தாளரும், பங்கு மக்கள் அனைவரின் சோம்பலையும் எண்ணிவிட்டுத் தன் சோம்பலை எண்ணாமல் விடும் குருவும் அந்தச் சீடர்களே. மாணவிக்கு நாம் விரைந்து விடை சொன்னதற்குக் காரணம், அன்று மாலை நமக்கு வேறு வேலை இருந்தது என்பதே. நமக்கும் ஓர் அடி விழ வேண்டியிருந்தது.

சோம்பல் என்னும் துயரம்

திருவள்ளுவர் ஊக்கமுடைமைக்கு அடுத்து மடியின்மையை வைத்தார். திருச்சபை சோம்பலைத் தலையான பாவங்கள் ஏழனுள் ஒன்றாக வைத்தது. ஆனால் பழைய பாலைநிலத் துறவிகளும், அவர்களைப் பின்பற்றிய அக்குவினாரும் இதைச் சொன்ன முறையில் ஒரு நுட்பம் உண்டு. சோம்பல் என்பது உடல் அசையாமை அன்று. நன்மையின் முன் நிற்கும்போது உண்டாகும் ஒருவகைத் துயரம் என்றனர். நல்லதைக் காண்கிறோம்; அது நமக்கு எட்டாது என்று உள்ளம் சோர்கிறது; சோர்ந்த உள்ளம் கையை விட்டுவிடுகிறது. இதை உணர்ந்தால், படிக்காத பிள்ளையிடம் “ஏன் சோம்பேறியாயிருக்கிறாய்?” என்று கேட்க மாட்டோம், “எது உன்னை வருத்துகிறது?” என்று கேட்போம்.

நான்காம் ஞாயிறன்று திருப்பலிக்குப் பின் அந்த மாணவியை அழைத்து அப்படியே கேட்டோம். நெடுநேரம் பேசாமல் நின்றாள். பிறகு, “பரீட்சை முடிஞ்சதும் திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்கு அனுப்பப் போறாங்க ஃபாதர். படிச்சு என்ன ஆகப் போகுது?” என்றாள். அவள் சோம்பேறியல்லள், துயரத்தில் இருந்தாள். அதிகாலையில் எழச் சொல்லித் தீர்க்கக் கூடிய துயரமன்று அது.

பிறகு கதையைப் பற்றிக் கேட்டோம். ஏன் போகிறான் என்று கேட்கவில்லை, “வீட்டில் எதை விட்டுவிட்டு அவனால் போக முடியாது?” என்று கேட்டோம். யோசிக்கவே இல்லை. “தங்கச்சிய” என்றாள். சட்டைப்பையிலிருந்த சங்குக் கல் யாருக்கு என்பதும் அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. தங்கையைப் பள்ளியிலிருந்து நிறுத்தாதிருக்க அவன் வேலை தேடிப் போகிறான். ஆனால் போனால் தங்கையைப் பார்க்க முடியாது. வளனுக்கு நேர்ந்ததுபோல் இரண்டு நன்மைகள் எதிரெதிரே வந்து நின்றன. கதை தன் காலால் நடக்கத் தொடங்கியது.

அவளுடைய படிப்பு யாருக்காக என்று நாம் கேட்கவில்லை. அதை அவளே கேட்டுக்கொள்ள வேண்டும். அவளுக்கும் வீட்டில் ஒரு தங்கை உண்டு என்பதை மட்டும் நாம் அறிவோம். அந்த வாரத்தில் இருமுறை அவள் தந்தையைச் சந்தித்தோம். கடன் இருக்கிறது, அவர் கூறும் காரணங்கள் பொய்யல்ல. கல்லூரி விண்ணப்பம் போடுவதற்கு மட்டும் இசைந்திருக்கிறார். அதற்கு மேல் இக்கட்டுரை எழுதும் வரை முடிவாகவில்லை. வானதூதர் இன்னும் வரவில்லை. ஆனால் ஐயத்தின் படலம் வீணன்று என்பதைத் தேம்பாவணியில் படித்திருக்கிறோம்.

நேற்று மாலை அவள் மறைக்கல்வி அறையின் சாவியைக் கேட்டு வாங்கிப் போனாள். ஏழு மணிக்கு மேலும் விளக்கு எரிந்ததால் எட்டிப் பார்த்தோம். அவள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அருகில் அவள் தங்கை, பாயில் குப்புறப் படுத்துக்கொண்டு, ஏடு திறந்து எழுதிக்கொண்டிருந்தாள். நாம் கதவைத் தட்டாமல் திரும்பிவந்து, பல வாரங்களாக முடிக்காமல் வைத்திருந்த இந்தக் கட்டுரையை எடுத்தோம்.